பதினெட்டு இடம் வேணாம், ஆறு போதும்

போன மாசம் பாஸ்போர்ட் எடுக்கறதப் பத்தி எழுதினேன்ல, அதுக்கப்புறம் வந்த கடிதாசியும் வாட்ஸ்அப்புமே ஒரு மூட்டை இருக்கும். பாஸ்போர்ட் கைக்கு வந்துருச்சு, காசும் ஓரளவு சேந்துருச்சு, அங்க போயி எதைப் பாக்கறது எதை விடறதுன்னுதான் முக்காவாசிப் பேரு கேட்டிருக்கீங்க. பதினஞ்சு வருஷம் டூர் குரூப்புங்களோட கூடப் போயி வந்தவ நான், இந்தக் கேள்விய ஏர்போர்ட்ல வந்து நின்னுட்டு கேக்கறவங்களத்தான் அதிகமா பாத்திருக்கேன். கிளம்பறதுக்கு முன்னாடியே நீங்க கேட்டது மனசுக்கு சந்தோஷமா இருக்கு. இந்த மாசம் பக்கம் முழுக்க இதுக்கே குடுத்துட்டேன்.

கேள்வி: அக்கா, நாங்க தர்மபுரி குமாரசாமிப்பேட்டை. நான், வீட்டுக்காரரு, மாமியாரு, பசங்க ரெண்டு பேரு (மவ பத்தாவது, மவன் ஆறாவது). முதல் தடவையா வெளிநாடு போறோம். ஏழு நாள்ல மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து மூணையும் காட்டறோம்னு ஒரு பேக்கேஜ் சொல்றாங்க, லிஸ்ட்ல பதினெட்டு இடம் இருக்கு. எங்க அண்ணன் மலேசியா மட்டும் போயிட்டு வாங்கங்கறாரு. இனிமே எப்ப போவோமோ, போனதோட எல்லாத்தையும் பாத்துடணும்ங்கறாரு வீட்டுக்காரரு. எது சரி?
– வாசகி, குமாரசாமிப்பேட்டை

பதில்: அண்ணன் சொல்றதுதான் சரிம்மா. "இனிமே எப்ப போவோமோ"ன்னு உங்க வீட்டுக்காரரு சொல்றதும் நியாயம்தான், ஆனா அப்படி ஒரே ஒரு தடவைதான் போகப் போறோம்னா அப்பதான் இன்னும் கம்மியா பாக்கணும்.

ஏழு நாளுங்கறத மணிக்கணக்கா பிரிச்சுப் பாருங்க. தர்மபுரில இருந்து பெங்களூரு ஏர்போர்ட் 170 கிலோமீட்டர் பக்கம் வருது, கிருஷ்ணகிரி, ஓசூர் தாண்டி, அந்த சில்க்போர்டு டிராஃபிக்கையும் தாண்டி, ஊரோட இந்தப் பக்கத்துல நுழைஞ்சு அந்தப் பக்கம் தேவனஹள்ளி வரைக்கும் போகணும், ப்ளைட்டுக்கு மூணு மணி நேரம் முன்னாடி வேற இருக்கணும், ஆக மொத நாள் முழுசா வழியிலயே முடிஞ்சுது. வர்ற நாளும் அப்படித்தான். நடுவுல ஒவ்வொரு நாடு மாறும்போதும் பெட்டி கட்டி, ரூம் காலி பண்ணி, ஏர்போர்ட் போயி, இமிக்ரேஷன் க்யூல நின்னு, அங்க இறங்கி மறுபடி க்யூ, மறுபடி ரூம், ஒவ்வொண்ணுக்கும் முக்கால் நாள் போயிரும். மிச்சம் இருக்கறது மூணு நாளோ மூணரை நாளோ, அதுக்குள்ள பதினெட்டு இடம்னா ஒரு நாளைக்கு அஞ்சு ஆறு வருது. பஸ்ஸ விட்டு எறங்கு, போட்டோ எடு, பாத்ரூம் போ, ஏறு. இப்படிப் போன குரூப்புல நானே கூட இருந்திருக்கேன். நாலாவது நாள் காலைல டிபன் சாப்பிடும்போது ஒரு அம்மா எங்கிட்ட "இது எந்த நாடு கண்ணு"ன்னு கேட்டாங்க, அவங்க விளையாட்டுக்கு கேக்கல.

எங்கூட வந்தவங்கள நாலஞ்சு வருஷம் கழிச்சு தர்மபுரி பஸ் ஸ்டாண்ட்லயோ கல்யாணத்துலயோ பாக்கும்போது, அவங்களா எடுத்துப் பேசறது எதைன்னு நான் கவனிச்சுட்டே வந்திருக்கேன். டவரு உயரத்தப் பத்தி இதுவரைக்கும் ஒருத்தரும் பேசினதில்ல. "அந்த மார்க்கெட்ல ஒரு ஆயா நம்ம ஊரு கொய்யாக்கா மாதிரி ஒண்ண அறுத்து உப்பு மிளகாப்பொடி தொட்டுக் குடுத்துச்சே", "மழைல மாட்டிட்டு அந்த டீக்கடைல ரெண்டு மணி நேரம் உக்காந்திருந்தோமே", இதுதான் வருது. கையால தொட்டது, வாயில போட்டது, நம்ம வூட்டு வாசனை எதுலயோ வந்து ஒட்டினது, இதெல்லாம்தான் தங்குது.

அதனால ஒரு வேலை பண்ணுங்க. இன்னிக்கு ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் அஞ்சு பேருக்கும் ஆளுக்கொரு துண்டுக் காகிதம் குடுங்க. இடத்தோட பேரை எழுதக்கூடாது, அங்க போயி என்ன செய்யணும்னு ஆசையோ அதை எழுதணும், ஒருத்தருக்கு ஒண்ணுதான். ஒருத்தர் எழுதறத இன்னொருத்தர் எட்டிப் பாக்கக் கூடாது. உங்க மவன் "ரயில்ல டிரைவர் சீட்டுகிட்ட நிக்கணும்"னு எழுதினா அதுக்கும் அங்க வழி இருக்கு, கோலாலம்பூர்ல எல்ஆர்டி கெலானா ஜெயா லைன்ல ரயிலுக்கு டிரைவரே கிடையாது, முன்பக்கக் கண்ணாடிய ஒட்டி நின்னா தண்டவாளம் நம்மள நோக்கி ஓடி வர்ற மாதிரி இருக்கும், டிக்கெட்டும் சாதாரண டிக்கெட்தான். மவ இரட்டை கோபுரம் முன்னாடி நிக்கணும்பா, நிக்கட்டும், 452 மீட்டர், அண்ணாந்து பாத்தா கழுத்து வலிக்கும், சாயங்காலம் கீழ இருக்கற பார்க்குல லைட் போட்ட தண்ணி ஃபவுண்டன் காசில்லாம பாக்கலாம். மாமியாரு முருகர்னுதான் எழுதுவாங்க. வீட்டுக்காரருக்கும் உங்களுக்கும் என்னன்னு எனக்குத் தெரியாது, உங்களுக்கே எழுதும்போதுதான் தெரியும். அஞ்சு பேருக்கு அஞ்சு. ஆறாவதா ஒரு அரை நாள எதுவும் போடாம காலியா விடுங்க. அந்த ஆறு போதும், ஏழு நாளும் நெறஞ்சுரும்.

பத்துமலைக்கு காலைல ஏழு மணிக்குள்ள போயிருங்க, கேஎல் சென்ட்ரல்ல இருந்து கேடிஎம் கொம்யூட்டர் ரயிலு நேரா அங்க போகுது. 272 படி. மாமியாருக்கு முட்டி வலின்னா மேல ஏறியே ஆகணும்னு ஒண்ணுமில்ல, 42.7 மீட்டர் முருகரு கீழதான் நிக்கறாரு, 2006ல வச்சாங்க. அவர் காலடில பாய் விரிச்ச மாதிரி பெரிய வாசல், அங்க ஒக்காந்து புறாவுக்கு நெல்லு போட்டுட்டு இருந்தாலே அவங்களுக்கு மனசு நெறஞ்சுரும். நீங்களும் பசங்களும் ஏறிட்டு வாங்க, கையில தேங்கா பழப் பை வச்சுக்காதீங்க, கொரங்கு விடாது.

இன்னொண்ணும் சொல்லணும், நீங்க குமாரசாமிப்பேட்டைங்கறதால. உங்க கோயில்ல தைப்பூசத்துக்கு பொம்பளைங்களே வடம் பிடிச்சு தேர் இழுக்கறவங்க நீங்க. கோலாலம்பூர்ல தைப்பூசத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி ராத்திரி மகாமாரியம்மன் கோயில்ல இருந்து வெள்ளித்தேர் கிளம்பி விடிய விடிய நடந்து பத்துமலைக்கு வருது, 15 கிலோமீட்டர் பக்கம், 1892ல இருந்து அங்க தைப்பூசம் நடக்குது. கூலி வேலைக்குக் கப்பல் ஏறிப் போன சனங்க வளத்த திருவிழா அது, நம்ம பழைய சேலம் ஜில்லாவுல இருந்தும் எத்தனையோ குடும்பம் போயிருக்கு. அந்தத் தேர் கூட ரெண்டு கிலோமீட்டர் நடந்தீங்கன்னா வடத்தப் பிடிச்ச உங்க கைக்கு அது வேற மாதிரி தெரியும். ஆனா ஒரு வருஷம் நம்மூர்த் தேர விடணும். அது மனசு கேக்குமான்னு நீங்கதாம்மா முடிவு பண்ணணும், நான் சொல்லக்கூடாது. கூட்டம் லட்சக்கணக்குல இருக்கும், சின்னவன் கைய விடாதீங்க.

கேள்வி: நான் பெங்களூர்ல வேலை பாக்கறேன் அக்கா, சொந்த ஊரு பென்னாகரம் பக்கம். அப்பா ஒகேனக்கல்ல முப்பது வருஷமா பரிசல் ஓட்டறாரு. அவர ஒரு தடவையாவது ப்ளைட்ல கூட்டிட்டுப் போகணும்னு ஆசை. துபாய் போயி புர்ஜ் கலிஃபா காட்டலாம்னு இருக்கேன். "எனக்கு எதுக்குடா அதெல்லாம், அந்தக் காசுக்கு போர் போடு"ங்கறாரு. எப்படி சம்மதிக்க வைக்கறது?
– வாசகர், பென்னாகரம்

பதில்: தம்பி, உங்க லெட்டர மூணு தடவ படிச்சேன். அப்பா வேணாம்ங்கறதுக்கு காரணம் காசு மட்டும் இல்லன்னு எனக்குத் தோணுது. 828 மீட்டர் கட்டடத்துக்கு மேல நின்னா அவரு அங்க யாரு? டிக்கெட் வாங்கிட்டு வந்த ஒரு ஆளு. அவருக்குத் தெரிஞ்ச வேலைக்கு அங்க ஒரு பிரயோஜனமும் இல்ல.

வியட்நாம்ல ஹோய் ஆன்னு ஒரு ஊரு இருக்கு, டா நாங் ஏர்போர்ட்ல இருந்து கார்ல முக்கால் மணி நேரம். அங்க கடலோரத்துல மீன் பிடிக்கறவங்க வச்சிருக்கற படகு எப்படி இருக்கும் தெரியுமா, வட்டமா, மூங்கில் பின்னி, அச்சு அசலா நம்ம பரிசல்! துங் சாய்னு சொல்றாங்க. நம்மாளுங்க மூங்கில் கட்டி அந்தக் காலத்துல தோலு போத்தினாங்க, இப்ப பிளாஸ்டிக் சாக்கும் தாரும். அவங்க மூங்கில் பத்தைய பாய் பின்றாப்ல நெருக்கிப் பின்னி சாணியும் மரப்பிசினும் பூசி ஓட்டைய அடைக்கறாங்க. ஹோய் ஆன் பக்கத்துல காம் தான்னு ஒரு கிராமத்துல நீர்த்தென்னைக் காட்டுக்குள்ள அதுல கூட்டிட்டுப் போவாங்க. அதுல அப்பாவ உக்கார வச்சு போட்டோ எடுத்துட்டு வந்துராதீங்க, துடுப்ப அவரு கையில குடுக்கச் சொல்லுங்க. இங்க கிளம்பறதுக்கு முன்னாடியே அப்பா ஒகேனக்கல்ல பரிசல் ஓட்டற வீடியோ ரெண்டு மூணு போன்ல எடுத்து வச்சுக்குங்க, அங்க இருக்கற படகுக்காரர்கிட்ட அதைக் காட்டினா போதும், பாஷையே வேணாம், ரெண்டு பேரும் படகக் கவுத்துப் போட்டு அடிப்பக்கத்தத் தட்டிப் பாத்துட்டு நிப்பாங்க. நான் இதே மாதிரி நேர்ல பாத்திருக்கேன், ஒரு தறிக்காரரும் அங்கத்து பட்டு நெய்யறவரும் ஒரு மணி நேரம் நூலப் பிடிச்சு இழுத்து இழுத்துப் பாத்துட்டு இருந்தாங்க, பஸ்ஸு ஹாரன் அடிச்சும் வரல.

அங்க பத்து மணிக்கு மேல போனா ஒரே சத்தமா பாட்டு போட்டு படகச் சுத்தி சுத்தி வித்தை காட்டுவாங்க, டூரிஸ்ட்டு கூட்டம் நெரியும், எனக்கு அது பிடிக்கல. ஏழு ஏழரைக்கு போங்க, தண்ணி சும்மா கெடக்கும்.

ஒரு நாள் மை சன் போயிட்டு வாங்க, ஹோய் ஆன்ல இருந்து 40 கிலோமீட்டர். அந்தக் காலத்துல அந்தப் பக்கம் ஆண்ட சாம் ராஜாங்க கட்டின செங்கல் சிவன் கோயிலுங்க, 1999ல யுனெஸ்கோ லிஸ்ட்ல வந்துச்சு, 1969ல அமெரிக்கா குண்டு போட்டதுல பாதி சரிஞ்சு கெடக்குது. 2020ல நம்ம இந்தியத் தொல்லியல் துறை ஆளுங்க அங்க வேலை பாக்கும்போது மண்ணுக்குள்ள இருந்து ஒரே கல்லுல செஞ்ச லிங்கத்த முழுசா எடுத்தாங்க, ஒம்பதாம் நூற்றாண்டு லிங்கம். அப்பாகிட்ட இதையும் சொல்லுங்க, "அங்க சிவன் கோயில் இருக்குப்பா"ன்னு ஆரம்பிச்சா பேச்சு வேற பக்கம் திரும்பும். செப்டம்பர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் அங்க மழையும் வெள்ளமும், ஹோய் ஆன் தெருவுலயே படகு ஓடும், அதனால பிப்ரவரில இருந்து மே வரைக்கும் பாருங்க. இ-விசா வியட்நாம் அரசாங்க வெப்சைட்லயே எடுக்கலாம், ஒரு தடவை போற விசாவுக்கு 25 டாலர், நடுவுல ஏஜென்ட்டுக்கு நாலு மடங்கு குடுக்காதீங்க.

துபாய்தான் போகணும்னு ஆயிருச்சுன்னா அங்கயும் கிரீக்குல அப்ரான்னு மரப்படகு இருக்கு, அக்கரைக்கு ஒரு திர்ஹாம்தான். அப்பாவ மொதல்ல அங்க கூட்டிட்டுப் போங்க, டவரு அப்புறம்.

கேள்வி: மேம், நானும் என் ஹஸ்பெண்டும் போன வருஷம் பாலி போயிட்டு வந்தோம். போன்ல 2,400 போட்டோ இருக்கு. ஆனா யாராவது எப்படி இருந்துச்சுன்னு கேட்டா சொல்றதுக்கு ஒண்ணுமே வர மாட்டேங்குது, போட்டோவ பாத்தாதான் இங்க போனோம்னே தெரியுது. அடுத்த மாசம் ஜப்பான் போறோம். இந்தத் தடவையும் அப்படி ஆயிடுமோன்னு பயமா இருக்கு.
– வாசகி, ஓசூர்

பதில்: உங்களுக்கு மறதி வியாதி ஒண்ணும் இல்ல, பயப்படாதீங்க. அமெரிக்காவுல லிண்டா ஹென்கெல்னு ஒரு சைக்காலஜி பேராசிரியர் 2014ல ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க. காலேஜ் பசங்கள மியூசியத்துக்கு கூட்டிட்டுப் போயி சில பொருள போட்டோ எடுக்கச் சொன்னாங்க, சில பொருள சும்மா நின்னு பாக்கச் சொன்னாங்க, மறுநாள் கேட்டா போட்டோ எடுத்த பொருள்தான் கம்மியா ஞாபகம் இருந்துச்சு. போன் பாத்துக்கும்னு மூளை அந்த வேலைய அங்க தள்ளி விட்டுருது. ஆனா அதே ஆராய்ச்சில இன்னொண்ணும் வந்துச்சு, பொருளோட ஒரு பகுதிய மட்டும் ஜூம் பண்ணி எடுத்தவங்களுக்கு ஞாபகம் குறையல, அவங்க ஜூம் பண்ணாத மிச்ச பாகம்கூட ஞாபகம் இருந்துச்சு. ஜூம் பண்ணணும்னா எதைன்னு யோசிக்கணும்ல, அந்த யோசனதான் வேலை செய்யுது.

அதனால போன ரூம்ல வச்சுட்டுப் போங்கன்னு நான் சொல்ல மாட்டேன், அது நடக்காது. ஒரு எடத்துக்குப் போனா மொத பத்து நிமிஷம் போன வெளிய எடுக்காதீங்க. அப்புறம் ஒரே ஒரு சின்ன விஷயத்தப் பிடிங்க. கியோட்டோல ஃபுஷிமி இனாரின்னு மலை மேல வரிசையா ஆயிரக்கணக்குல செவப்பு வாசலுங்க இருக்கற எடத்துக்கு எல்லாரும் போவாங்க, நீங்களும் போவீங்க, முழு வாசலையும் எடுத்து எடுத்து நெட்ல ஏற்கனவே கோடி போட்டோ கெடக்குது. ஒவ்வொரு வாசல் தூணுக்குப் பின்பக்கமும் அதை யாரு குடுத்தாங்கன்னு கறுப்பு எழுத்துல எழுதியிருப்பாங்க, நம்ம கோயில்ல டியூப்லைட்ல "உபயம்"னு எழுதறோம்ல, அதேதான். அதுல ஒண்ண கிட்டப்போயி எடுங்க. ராத்திரி ரூமுக்கு வந்ததும் ரெண்டு பேரும் மாத்தி மாத்தி ரெண்டு நிமிஷம் வாய்ஸ் நோட் போடுங்க, நம்ம பேசற தமிழ்லயே, இன்னிக்கு என்ன வாசனை வந்துச்சு, யாரு என்ன சொன்னாங்க, எதுக்கு சண்டை போட்டோம்னு. பத்து வருஷம் கழிச்சு 2,400 போட்டோவ யாரும் பாக்கப் போறதில்ல, அந்தக் குரல கேப்பீங்க.

கேள்வி: மாமியாருக்கு வெளி சாப்பாடு ஒத்துக்காது. சிங்கப்பூருக்கு இட்லிப்பொடி, பருப்புப்பொடி, குருமா மசாலா, களிக்கு கேவுரு மாவு எல்லாம் கட்டி எடுத்துட்டுப் போலாமா?
– வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: பொடி எடுத்துட்டுப் போங்க, ஆனா குருமா மசாலாவுல கசகசா அரைச்சிருக்கீங்களான்னு மொதல்ல பாருங்க. சிங்கப்பூர்ல கசகசா தடை பண்ணின பொருள், துபாய்லயும் அப்படித்தான், அபின் செடியோட விதைங்கறதால. நம்ம வூட்ல சாதாரணமா அஞ்சறைப்பெட்டில கெடக்கற சாமான், அங்க ஏர்போர்ட்ல மாட்டினா பெரிய தலைவலி. சூயிங்கமும் வேணாம், 1992ல இருந்து அங்க கொண்டு வரக்கூடாது. கருவாடு, கறி ஊறுகா எதுவும் கட்டாதீங்க.

ஆனா ஒரு வேளையாவது மாமியார டெக்கா சென்டருங்கற சாப்பாட்டுக்கடை கூடத்துக்குக் கூட்டிட்டுப் போயி பக்கத்து டேபிள்ல யாரு என்ன சாப்பிடறாங்கன்னு பாக்க வைங்க. அந்த ஊரு சாப்பாட்டுக்கடை பழக்கத்த யுனெஸ்கோவே 2020ல தன்னோட பட்டியல்ல சேத்துச்சு. தமிழு, சீனம், மலாய் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ கேக்கும், அவங்க தயிர்சாதம் சாப்பிட்டாக்கூட அங்க ஒக்காந்து சாப்பிடட்டும்.

கேள்வி: எங்க சிங்கப்பூர் ட்ரிப்ல கடைசி நாள் முழுக்க ஷாப்பிங்னு போட்டிருக்காங்க. ராத்திரி ப்ளைட். அதை மாத்தணுமா?
– வாசகர், அரூர்

பதில்: மாத்துங்க சார், கண்டிப்பா மாத்துங்க. நோபல் பரிசு வாங்கின டேனியல் கானமன் 1993ல ஒரு சோதனை பண்ணினாரு. ஒரு கைய 14 டிகிரி குளிர்ந்த தண்ணில ஒரு நிமிஷம் வைக்கணும். இன்னொரு கைய அதே மாதிரி ஒரு நிமிஷம், அதுக்கு மேல இன்னும் அரை நிமிஷம், அந்த அரை நிமிஷத்துல மட்டும் தண்ணி 15 டிகிரிக்கு லேசா வெதுவெதுப்பாகும். மறுபடி ஒண்ணு செய்யணும்னா எதுன்னு கேட்டா, நெறைய பேரு ரெண்டாவதத்தான் சொன்னாங்க, அதுல மொத்தமா கஷ்டம் ஜாஸ்தின்னாலும். முடிவு கொஞ்சம் நல்லா இருந்துச்சுல்ல, ஞாபகம் அதைத்தான் பிடிச்சுக்குது. எத்தனை நேரம்ங்கறத அது எண்ணறதே இல்ல, உச்சமா இருந்த ஒரு கணமும் முடிஞ்ச விதமும்தான் கணக்கு.

முஸ்தபா கடைல டிராலி தள்ளிட்டு, பெட்டி எடை கூடிருச்சுன்னு ஏர்போர்ட் தரையில தைலத்தையும் சாக்லேட்டையும் பிரிச்சுப் போட்டுட்டு இருக்கறதுதான் உங்க ட்ரிப்போட கடைசிக் காட்சியா இருக்கும், நூத்துக்கு தொண்ணூறு பேருக்கு அதான் நடக்குது. ஷாப்பிங்க ரெண்டாவது நாளுக்குத் தள்ளுங்க. கடைசி நாள் சாயங்காலம் கார்டன்ஸ் பை தி பே போயி அந்த பெரிய இரும்பு மரங்களுக்குக் கீழ தரையில மல்லாக்கப் படுத்துக்குங்க. 7:45க்கு ஒரு ஷோ, 8:45க்கு ஒரு ஷோ, லைட்டும் பாட்டும், ஓசிதான். ப்ளைட் நேரத்தப் பாத்துட்டு மொத ஷோவுக்கே போயிருங்க.

கேள்வி: அக்கா, ஊரெல்லாம் சுத்தினவங்க நீங்க. உங்களுக்கே ஒண்ணே ஒண்ணு ஞாபகத்துல நிக்கும்னா எது?
– கல்லூரி மாணவி, கிருஷ்ணகிரி

பதில்: கேட்டுட்டியா கண்ணு. எங்கம்மாவ கம்போடியாவுக்கு கூட்டிட்டுப் போனது.

அப்ப அம்மாவுக்கு 64 வயசு, கடத்தூர் பக்கம் ஒரு கிராமத்துல பொறந்தவங்க, எங்க தாத்தா பனை ஏறினவரு. டூரிஸ்ட்டோட போயி போயி எனக்கு அங்க இருக்கற அங்கோர் வாட் கோயில் பழகின எடம், சூரியவர்மன் கட்டினது, மேக்கால பாத்த வாசல்னு ஒப்பிக்கறதெல்லாம் வாய்ப்பாடு மாதிரி வரும். அம்மாவுக்கும் அதையே சொல்லிட்டு மேக்குப் பக்கத்துச் சுவர்ல கூட்டிட்டுப் போறேன், குருக்ஷேத்திரப் போரு நீளத்துக்கு செதுக்கியிருக்கும், நான் வாயத் தொறக்கறதுக்கு முன்னாடி அம்மா நின்னுட்டாங்க. "ஏய், அம்புப் படுக்கைடி! பீஷ்மரு!" வருஷா வருஷம் பாரதக் கூத்து பதினெட்டு நாளும் முழிச்சிருந்து பாத்தவங்க, படுகளத்தன்னிக்கு அழுதவங்க, அந்தக் கல்லுல அம்பு மேல கெடக்கறவர பாத்ததும் கையெடுத்துக் கும்பிட்டுட்டாங்க. அப்புறம் யாரு எந்தத் தேர்ல வர்றாங்கன்னு அம்மா சொல்ல ஆரம்பிச்சாங்க, நான் பின்னாடி நடந்தேன். கீழ்ப்பக்கச் சுவர்ல பாற்கடல் கடையற காட்சி, இந்தப் பக்கம் 92 அசுரரு, அந்தப் பக்கம் 88 தேவரு, பாம்பப் பிடிச்சு இழுக்கறாங்க, அங்கயும் அம்மாதான் கதை சொன்னாங்க.

டிக்கெட் ஒரு நாளைக்கு 37 டாலர், மூணு நாளைக்கு 62, நான் மூணு நாள் எடுத்தேன், ஒரு அரை நாள வேணும்னே காலியா விட்டேன். அந்த அரை நாள்ல பன்டேய் ஸ்ரே கோயிலுக்குப் போற ரோட்டுல வண்டிய மெதுவா விடச் சொன்னேன். வயல் வரப்பு முழுக்க பனை மரம் கண்ணு, நம்ம தமிழ்நாட்டுக்கு எப்படி மாநில மரமோ அப்படி அவங்களுக்கு தேசிய மரமே பனைதான். ப்ரியா டாக்னு ஒரு ஊருல ரோட்டோரமா மண் அடுப்புல பெரிய வாணல வச்சு பதநி காய்ச்சிட்டு இருந்தாங்க. அம்மா வண்டிய நிறுத்தச் சொல்லி எறங்கினவங்கதான், நேரா அடுப்புகிட்ட போயி குத்த வச்சு ஒக்காந்துட்டாங்க.

அடுப்புக்குப் பின்னாடி ஒரு மரத்துல நீள மூங்கிலு ஒண்ண மரத்தோட சேத்துக் கட்டியிருந்துச்சு, கணுக்கு கணு வெட்டின கிளைய ஒரு சாண் விட்டு வச்சிருக்காங்க, அதுல காலு வச்சுத்தான் ஏறறாங்க. அம்மா அதையே பாத்துட்டு, "காலுக்குத் தளைக்கயிறு போடாமயா ஏறறான், காலு வழுக்காதா"ன்னு எங்கிட்ட கேக்கறாங்க. கலயத்துக்குப் பதிலா மூங்கில் குழா. குழாக்குள்ள சுண்ணாம்பு இல்ல, ஏதோ மரத்துண்டு போட்டிருந்தாங்க, பதநி புளிச்சுப் போகாம இருக்க, அம்மா ஒரு குழாய எடுத்து மோந்து பாத்துட்டு அந்த மரத்துண்ட கையில எடுத்து கடிச்சே பாத்தாங்க. அடுப்புல கிண்டிட்டு இருந்த அந்தப் பொம்பளைக்கு அம்மா வயசுதான் இருக்கும். அவங்க சிரிச்சுட்டு கிண்டற கட்டைய அம்மா கையில குடுத்துட்டாங்க. அம்மா கிண்டறாங்க, பாகு நுரை அடங்கி செவக்குது, அந்தம்மா எறக்கலாம்னு கைய காட்டறாங்க, அம்மா தலைய ஆட்டி "இரும்மா, இன்னும் ரெண்டு கொதி"ங்கறாங்க தமிழ்லயே. ஒரு சொட்ட தண்ணில விட்டுப் பாத்தாங்க ரெண்டு பேரும். உருண்டுச்சு.

பன்டேய் ஸ்ரே கோயிலுக்குப் போயி சேரும்போது மணி நாலரை, சாத்தறதுக்கு அரை மணி நேரம்தான் இருந்துச்சு, ராவணன் கைலாசத்தத் தூக்கற சிற்பத்த மட்டும் ஓடிப் போயி பாத்தோம். அம்மா புடவைல புகை வாசனை. கையில பனை ஓலைல சுருட்டிக் கட்டின கருப்பட்டி ஒரு கட்டு, அந்தம்மா காசே வாங்கல.

வூட்டுக்கு வந்து ரெண்டு மாசம் வரைக்கும் அந்தக் கட்ட பிரிக்க விடல. தை நோம்பிக்குத்தான் ஒடச்சாங்க, தெருவுல எல்லாருக்கும் ஒரு துண்டு, "எங்கப்பா காய்ச்சறது இன்னும் கொஞ்சம் கறுப்பா இருக்கும்"னு சொல்லிச் சொல்லிக் குடுத்தாங்க.